இரண்டு தடவை அணைந்தால்

டேப் அறுந்திருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். எலி கடித்திருந்தாலும் சரிதான், பழைய கார்களின் டிக்கிக்குள் எலி குடும்பம் நடத்துவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் இது பிரிக்கப்பட்டிருந்தது. போன வாரம் அவளே நம்பர் பிளேட் லைட்டின் ஒயரை முறுக்கி, ஈயம் வைத்து, மேலே கறுப்பு டேப்பை ஏழு சுற்றுச் சுற்றி, நுனியைக் கட்டைவிரலால் தேய்த்து ஒட்டியிருந்தாள். அந்த ஏழு சுற்றும் இப்போது ஒயரில் இல்லை. ஒரே நீளமாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், டிக்கி மூடியின் உட்பக்கத் தகட்டில் இஸ்திரி போட்ட மாதிரி ஒட்டியிருந்தது.

“மூணாவது தடவைம்மா,” என்றார் மருந்துக்கடைக்காரர். கார் அவருடையது, ஆறு மாதத்துக்கு முன்னால் யாரிடமோ மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் பொறுமையாகச் சொன்னதுதான் அவளைக் குத்தியது.

“டிக்கியில ஏதாவது சாமான் ஏத்தினீங்களா சார்?”

“நான் டிக்கியைத் திறக்கறதே இல்ல. மருந்துப் பெட்டியெல்லாம் பின் சீட்லதான். உள்ள வெச்சா ஒரு வாடை பிடிச்சுக்குது.” கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணு. முன்னாடி சும்மா எரியாம இருந்துச்சு. நீங்க கை வெச்ச பிறகு விட்டு விட்டு எரியுதாம். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்தே கேட்டுட்டார். ரெண்டு தடவை அணையுதாம், நிக்குதாம், மறுபடி ரெண்டு தடவை அணையுதாம். யாருக்கு சார் சைகை காட்டறீங்கன்னார்.”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோக வேண்டுமாம், ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மழை வருவதற்குள் போய்விட்டார்.

பட்டறையில் அவளும் அவள் கணவரும் மட்டும்தான். இருபது வருஷம் லாரி இன்ஜின்களுக்குள் தலையை விட்டதில் அவர் காது போய்விட்டது. காதுக்கருவி இருக்கிறது, ஆனால் கம்ப்ரசர் ஓடினால் அது விசில் அடிக்கிறது என்று வேலை நேரத்தில் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுவார். அப்படித்தான் ஒயர் வேலை அவள் கைக்கு வந்தது. அவளை ‘மேஸ்திரி’ என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். கேலியாகத் தொடங்கிய பெயர், இப்போது வேறு பெயர் சொல்லி அவர் கூப்பிடுவதே இல்லை.

காது கேட்காதவரோடு வேலை செய்ய இருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அவள் டிக்கிக்குள் தலையை விட்டு ஒயரைப் பார்ப்பாள், அவர் பின்னால் நின்று லைட்டைப் பார்ப்பார். அவள் ஒயரைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தால் அதுவே பேச்சு. ஒரு தடவை அணைந்தால் ‘பொறு’. இரண்டு தடவை அணைந்தால் ‘மூடியைத் திற’. விடாமல் எரிந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒயரைச் சோதிக்கும்போது சும்மா எரிந்து எரிந்து அணைவது கணக்கில் சேராது, கொஞ்ச நேரம் நிலையாக எரிந்து பிறகு அணைந்தால்தான் சைகை. இந்தக் காரிலும் போன இரண்டு தடவையும் மூடியைப் பாதி இறக்கிவைத்து அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

அந்த வழியை அவர் ஒரு நாள் மீறினார், இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு வண்டியில். ரொம்ப நேரமாகிறதே என்று தானாகவே மூடியைத் தூக்கிவிட்டார். பழைய கார்களில் மூடியைத் தாங்குவது வளைந்த இரும்புக் கீல், தூக்கும்போது அதற்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்து கத்தரிக்கோல் மாதிரி மூடும். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் அந்தச் சந்தில் இருந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் விரல் மடங்குவதை விட்டுவிட்டது. இப்போதும் அவள் எதைப் பிடித்தாலும் சுண்டுவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். ‘மகாராணி டீ குடிக்கிறாங்க’ என்று அவர் கேலி செய்வார், செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரெண்டு தடவை அணையாமல் இனி எந்த மூடியையும் தொட மாட்டேன் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவர் சத்தியம் செய்திருந்தார்.

அவள் அவர் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரிய, நிதானமாகச் சொன்னாள். “மூடியை மூடினாத்தான் லைட் போகுது. திறந்து வெச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. நான் உள்ள படுத்துக்கறேன். நீங்க மூடிட்டு லைட்டைப் பாருங்க.”

“வேணாம் மேஸ்திரி. வேற யார்கிட்டயாவது போகச் சொல்லிடலாம்.”

“மூணு தடவை ஆச்சு. கொட்டைப்பாக்கு அளவு லைட்டு, நம்மளைப் பாத்துப் பல்லைக் காட்டுது. விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?”

பிடிவாதத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். லைட் எரிவது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஷட்டரை இறக்கினார். பட்டப்பகலிலும் பட்டறை மங்கிப்போனது. மழை அதற்குள் பிடித்துக்கொண்டு தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது, மூலையில் கம்ப்ரசர் தன்பாட்டுக்குத் தடதடத்துக்கொண்டிருந்தது. அவள் இடுப்பில் குத்துகிற போனை எடுத்து மேஜையில் வைத்தாள். நெற்றியில் டார்ச் பட்டையை மாட்டினாள். இருபது டிக்கிக்குள் படுத்து எழுந்த உடம்பு அவளுடையது, ஒல்லி, சின்னது. கால்களை மடக்கி, வலது பக்கமாகச் சரிந்து, கீலுக்குக் கை எட்டுகிற மாதிரி படுத்துக்கொண்டாள். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் முழு இரும்புத் தகடு. உள்ளேயிருந்து திறக்க அந்தக் காலத்துக் கார்களில் எதுவும் கிடையாது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

மூடி இறங்கியது. வழக்கம்போல அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார், மூடியாகிவிட்டது என்று சொல்ல. பிறகு ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

மூடியதும் முதலில் வந்தது வாடை. பெட்ரோல், நனைந்து காய்ந்த கம்பளம், துரு, இவையெல்லாம் அவளுக்குப் பழக்கம். அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது, நெடுநேரம் இறுக்கி மூடிவைத்த உள்ளங்கையைத் திறந்தால் வருமே, வியர்வையும் இரும்பும் கலந்த ஒரு மெல்லிய வாடை, அது. மழைச் சத்தம் ஒரு போர்வைக்கு அப்பால் போய்விட்ட மாதிரி அடங்கியது, அவளுடைய மூச்சு மட்டும் தகட்டில் பட்டு முகத்துக்கே திரும்பி வந்தது.

டார்ச்சை மேலே காட்டினாள். கீல் ஓரமாக ஒயர் போகிற ரப்பர் குழாய் பக்கவாட்டில் கிழிந்திருந்தது, அதற்குள்ளிருந்து ஒயரின் இரண்டு நுனிகள் வெளியே வந்து தொங்கின. அவள் வைத்த ஈயத்தைக் காணோம். செம்பு தெரிந்தது. வளைந்து வளைந்து ஒடிந்த செம்பு கறுத்துப்போயிருக்கும். இது பளபளவென்று, கை பட்டுப் பட்டுத் தேய்ந்த கதவுப் பிடி மாதிரி மின்னியது. யார் கை படும் இங்கே என்று ஒரு கேள்வி வந்தது, அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு நுனிகளையும் சேர்த்தாள்.

“எரியுது,” என்றார் வெளியே. காது கேட்காதவர்கள் பேசுகிற பெரிய குரல், மழையைத் தாண்டி உள்ளே வந்தது.

பிரித்தாள்.

“போச்சு.”

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பழுது இதுதான். இனி டிக்கியைத் திறந்து புது ஒயர் போட்டு, நல்ல ரப்பருக்குள் விட்டுவிட்டால் கதை முடிந்தது. அதற்கு முன்னால் லைட்டுக்குள் வேறு கசிவு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். லைட் எரிந்தால் அது பொருத்தியிருக்கிற இரண்டு ஓட்டைகள் வழியாக உள்ளேயும் கொஞ்சம் வெளிச்சம் கசியும், டார்ச் எரிந்தால் அது தெரியாது. டார்ச்சை அணைத்தாள்.

கும்மிருட்டு. ஒயரைச் சேர்க்கக் கையை உயர்த்தினாள்.

“எரியுது,” என்றார் அவர்.

அவள் கை இன்னும் ஒயரைத் தொடவில்லை.

மேலே, மூடியில், அரிசி மணி அளவுக்கு இரண்டு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை அணைந்தன. “போச்சு,” என்றார். மறுபடி எரிந்தன. “எரியுது.” அணைந்தன. “போச்சு. என்ன மேஸ்திரி, உள்ள போய் விளையாட்டா?” சிரித்தார்.

அவள் டார்ச்சைப் போட்டாள். ஒயரின் இரண்டு நுனிகளும் ஒன்றுக்கொன்று தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் லேசாக ஆடியது.

மூடியை மூடும்போது ஆடியிருக்கும், என்று சொல்லிக்கொண்டாள். மூடி ரொம்ப நேரத்துக்கு முன்பே மூடியாகிவிட்டது. மழை அதிர்வு. கம்ப்ரசர் அதிர்வு. வேறு எங்கேயாவது இன்னொரு ஒயர் உரசுகிறது. இத்தனை வருஷத்தில் ஒயர் அவளிடம் பொய் சொன்னதில்லை, தேடினால் காரணம் கிடைக்கும். தேடுவதற்காக, இடுக்கில் மெதுவாகத் தலையைத் திருப்பினாள், டார்ச் வெளிச்சம் அவள் தலைக்குப் பின்னால், சீட்டுப் பக்கத்துத் தகட்டின் மேல் போய் விழுந்தது.

அங்கே டேப் ஒட்டியிருந்தது. அவளுடைய கறுப்பு டேப், முதல் தடவை வந்தபோது சுற்றியது, ஒரே நீளமாக. அதற்குக் கீழே சிவப்பு டேப். மஞ்சள் டேப். கறுப்பு. இப்போது யாரும் வாங்காத பழைய துணி டேப், நைந்து, ஓரம் பிசிறி. ஒன்றின் கீழ் ஒன்றாக, கம்பளம் வரைக்கும். அத்தனையும் யாரோ ஒயர்க்காரர்கள் ஒவ்வொரு காலத்தில் இதே ஒயரில் சுற்றியவை, அத்தனையும் அவசரமில்லாமல் பிரித்து, தடவி, நேராக ஒட்டப்பட்டவை. வெளியே நின்று குனிந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இந்த இடம் தெரியாது. உள்ளே படுத்தால்தான் தெரியும்.

லாரிக்காரர் சொன்னது இப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. ரெண்டு தடவை அணையுது, நிக்குது, மறுபடி ரெண்டு தடவை. முன்னாடி சும்மா எரியாமல் இருந்ததுதான். அவளும் அவள் கணவரும் இந்தக் காரின் லைட்டை வைத்துப் பேசிய பிறகுதான் அது பேசத் தொடங்கியிருக்கிறது. பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது.

வெளியே போக வேண்டும். பழுதும் வேண்டாம், பேரும் வேண்டாம். இரண்டு நுனிகளையும் எடுத்துச் சேர்த்தாள், சைகை என்று அவருக்குத் தெரிய வேண்டுமே என்று கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். “எரியுது,” என்றார். பிரித்தாள். சேர்த்தாள்.

“ஒண்ணு,” என்று எண்ணினார்.

இன்னும் ஒன்று. இன்னும் ஒரே ஒரு தடவை பிரித்தால் போதும்.

நெற்றியில் இருந்த டார்ச் பட்டை தளர்ந்தது.

வழுக்கவில்லை. முடியில் சிக்கவில்லை, இழுபடவில்லை. பின்மண்டையில் மாட்டியிருந்த பட்டையின் அடியில் ஏதோ நுழைந்து, தூங்குகிற குழந்தையின் தொப்பியைக் கழற்றுகிற பக்குவத்தோடு, அதைத் தலையிலிருந்து தூக்கியது. வெளிச்சம் மூடி மேல் ஒரு தடவை வட்டமடித்தது. அணைந்தது.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அந்தச் சத்தம் எங்கேயும் போகவில்லை, அவள் முகத்திலேயே மோதி விழுந்தது.

பிறகு ஒயரின் நுனிகள் அவள் விரல்களுக்குள்ளிருந்து நகர்ந்தன. பிடுங்கவில்லை. கொடு, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று வாங்குவது மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டும் போயின.

மேலே இரண்டு வெளிச்சப் புள்ளிகள். அசையாமல் எரிந்தன.

“ஒண்ணோட நிறுத்திட்டீங்களா? சரி, பொறுன்னு சொல்றீங்க. பொறுக்கறேன்,” என்றார் அவர். ஸ்டூல் கிறீச்சிட்டது. “நல்லா எரியுது மேஸ்திரி. இப்பதான் ஒழுங்கா எரியுது.”

அவள் மூடியை முட்டியால் அடித்தாள். தகடு அதிர்ந்தது, அவ்வளவுதான். இரண்டு கால்களையும் சேர்த்து உதைத்தாள். கார் ஸ்பிரிங்கில் ஏறி இறங்கியது.

“பாத்துத் திரும்புங்க,” குரலில் கவலை. “கையைக் கீல் பக்கம் வெக்காதீங்க. நான் திறக்க மாட்டேன், பயப்படாதீங்க. நீங்க ரெண்டு தடவை அணைச்சாத்தான் திறப்பேன்.”

திறங்க. திறந்துடுங்க. சத்தியத்தைத் தூக்கிப் போட்டுட்டுத் திறங்க. கை போனாப் போகுது.

அவருக்குக் கேட்கவில்லை. லைட் எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று லைட் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் ஒயரைத் தேடி மேலே துழாவினாள். ரப்பர் குழாய் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தாள், இதோ கிழிசல், இதோ ஒயர், இதோ—

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தொட்டது குளிர்ந்திருக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் கை எவ்வளவு சூடாக இருந்ததோ அவ்வளவு சூடாகத்தான் இருந்தது.

மூச்சை அடக்கினாள். தன் மூச்சு நின்ற பிறகும் ஒரு மூச்சு கேட்டது. முதுகுக்குப் பின்னால். அங்கே ஆள் படுக்க இடமே இல்லை. இரும்புத் தகடு, அதன் மேல் டேப். அவ்வளவுதான்.

ஐந்து மணி, என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் வருவார். சாவி கேட்பார். எங்கே உங்க வீட்டம்மா என்பார். ஐந்து மணி வரைக்கும் அசையாமல் இருந்தால் போதும்.

வெளியே போன் வெளிச்சம் வந்திருக்க வேண்டும். அவர் எதையோ எழுத்துக் கூட்டிப் படிக்கிற தொனியில் சொன்னார். “மருந்துக்கடைக்காரர் மெசேஜ் போட்டிருக்கார். மழை விடலியாம். நாளைக்குக் காலைல வர்றாராம். அவசரமே இல்ல மேஸ்திரி. நிதானமாப் பாருங்க.”

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தினால் மட்டும் அல்ல. மூன்றடி தூரத்தில், ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு லைட்டையே பார்த்தபடி, அவள் விரல் இன்னொரு தடவை நசுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவள் தன் இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலது. இடது. இரண்டும் இங்கே இருக்கின்றன. இரண்டும் என்னுடையவை.

கண் மெல்ல இருட்டுக்குப் பழகியது. பழக வேண்டாம் என்று இறுக மூடினாள், மூடியிருக்க முடியவில்லை. கசிந்த வெளிச்சம் போதுமானதாக இருந்தது. கீலின் வளைவு தெரிந்தது. கிழிந்த ரப்பர் தெரிந்தது. ஒயரின் இரண்டு நுனிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தெரிந்தன. இடது கை. அலுக்காமல், நடுங்காமல், வேலை தெரிந்த கை.

மற்ற விரல்கள் மடங்கியிருந்தன. சுண்டுவிரல் மட்டும் மடங்காமல், தனியாக, நீட்டிக்கொண்டு நின்றது.

“அப்படியே பிடிச்சுக்கங்க மேஸ்திரி,” என்றார் வெளியே. “விட்டுடாதீங்க.”